அப்பச்சிக்கு மற்றவர் மனம் புரிவதில்லை: பயிற்சியால் அது திரும்புமா?

கேள்வி: தேவகோட்டை மகள்

அனைவருக்கும் வணக்கம். என் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, இப்போது 61 வயது. மதுரையில் 30 ஆண்டுகளுக்கு மேல் இரும்புச் சாமான் வியாபாரம் செய்தவர். கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, 3 ஆண்டுகளாக ஆத்தாவுடன் (எங்கள் அம்மா) எங்கள் ஊர் வீட்டில் இருக்கிறார். கணக்கு எழுதினால் இன்றைக்கும் ஒரு கூட்டல் தவறாது. யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் எழுதினோம் என்று கேட்டால், நோட்டைப் பார்க்காமலே சொல்லிவிடுவார். மூளை நோய் என்றால் மறதிதான் என்று நினைத்திருந்த எங்களுக்கு, அவரிடம் இருப்பது ஒரு நோய் என்று தோன்றவே வெகு காலம் ஆனது.

முதலில் உறுத்தியது ஒரு கேதத்தில். பங்காளி வீட்டில் இளவயதுச் சாவு. முகப்பில் ஊரே வாயடைத்து உட்கார்ந்திருந்தபோது, சாப்பாடு எத்தனை மணிக்கு என்று அப்பச்சி உரக்கக் கேட்டார். மகனைப் பறிகொடுத்தவர் அழுததைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். அடுத்து ஒரு கல்யாணத்தில், சம்பந்தியம்மாளின் உடல் பருமனைப் பற்றி அவர் எதிரிலேயே பேசினார். வீட்டில் மாவுருண்டைத் தூக்கை எங்கே ஒளித்தாலும் 2 நாளில் காலியாகிவிடும். இவற்றையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டோம். சென்ற ஆண்டு ஆத்தா வளவு வாசற்படியில் தடுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்து கதறியபோது, அவர் ஆத்தாவைத் தாண்டிப் போய், காப்பி ஆகிவிட்டதா என்று கேட்டார். ஆத்தாவுக்குக் காய்ச்சல் என்றால் கடையைப் பூட்டிவிட்டு வந்தவர் அவர். ஆத்தா அந்த நாளைப் பற்றி இதுவரை என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

நாங்கள் அலையாத இடமில்லை. பிள்ளையார்பட்டியில் வேண்டிக்கொண்டோம். செய்வினை என்று சொன்னவர்களின் பேச்சையும் கேட்டோம். மனச்சோர்வு என்று ஓராண்டு மாத்திரை கொடுத்தார்கள். கடைசியாக எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த நரம்பியல் மருத்துவர், இது ஃப்ரான்டோடெம்போரல் டிமென்ஷியா, அதாவது மூளையின் முன்பகுதியும் பக்கவாட்டுப் பகுதியும் சிதையும் நோய், அதிலும் நடத்தை மாறும் வகை என்று சொன்னார். குணப்படுத்த மருந்து இல்லை என்றும் சொன்னார்.

என் கேள்வி இதுதான். சிங்கப்பூரில் இருக்கும் உறவினர் ஒருவர், முகங்களின் படத்தைக் காட்டி 'இது கோபம், இது துக்கம்' என்று பழக்கினால் பிறர் மனம் அறியும் உணர்வு திரும்பும் என்று சொன்னார். 24 படங்களை அச்சிட்டு, 20 நாட்கள் தினமும் அரை மணி நேரம் அப்பச்சியுடன் உட்கார்ந்தேன். சிரிக்கும் முகத்தை முதல் நாளே சொன்னார். கோப முகத்தைப் பார்த்து, "சும்மா உட்கார்ந்திருக்கிறார்" என்றார். இப்போது 24 படங்களில் 20 வரை சரியாகச் சொல்கிறார். ஆனால் எதிரில் ஆத்தா கண் கலங்கி நிற்பது மட்டும் இன்னும் தெரியவில்லை. நான் செய்யும் முறையில் தவறா, அல்லது இந்த வழியே தவறா? இன்னொன்று: அடுத்த மாதம் எங்கள் பங்காளிகள் சேர்ந்து முன்னோருக்குப் போடும் படைப்பு வருகிறது. அவரை அழைத்துப் போகலாமா? உறவுகளிடம் என்னவென்று சொல்வது?

பதில் 1: குன்றக்குடி மருத்துவ உளவியலாளர்

சகோதரி, நான் மதுரையில் நரம்பியல் நோயாளிகளுடன் பணி செய்கிறேன். உங்கள் அப்பச்சியை நேரில் பார்க்காமல் அவருடைய நிலையைப் பற்றி முடிவு சொல்ல இயலாது. ஆனால் 20 நாட்களில் நீங்கள் கண்டது மிகச் சரியான கவனிப்பு. படத்தில் பழகியது படத்தோடு நின்றுவிடுகிறது என்பதுதான் இத்துறையில் பயிற்சி தருகிற எல்லோரும் சந்திக்கிற முதன்மையான சிக்கல். உங்கள் முறையில் தவறில்லை.

பிறர் மனத்தைப் புரிந்துகொள்வது ஒரே திறன் போலத் தோன்றும். உண்மையில் அது பல திறன்களின் கூட்டு. தமிழில் இதற்குக் குறிப்பறிதல் என்ற நல்ல சொல் இருக்கிறது. முகத்தையும் குரலையும் பார்த்து இது இன்ன உணர்வு என்று பெயர் சொல்வது ஒன்று. அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, என்ன எண்ணத்தில் பேசுகிறார் என்று ஊகிப்பது மற்றொன்று. கிண்டலைக் கிண்டல் என்று அறிவதும் பொய்யைப் பொய் என்று அறிவதும் இதைச் சேர்ந்தவை. மூன்றாவது, அவர் படும் பாட்டில் ஒரு பங்கை நம் உடம்பில் உணர்வது. நான்காவதாக, உணர்ந்ததற்கு ஏற்ப நடந்துகொள்வதும், வாயில் வந்ததை அடக்குவதும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற மனநோய் வகைப்பாட்டில், நினைவாற்றல், கவனம், மொழி ஆகியவற்றுக்கு இணையாக இந்தச் சமூக அறிதலையும் மூளையின் 6 அறிதிறன்களில் ஒன்றாக வைத்தார்கள். அதற்கு முன் இது குணக்கோளாறு என்றே பல குடும்பங்களில் கழிந்துபோனது. இப்போதும் நம் பக்கத்தில் நிலைமை அதிகம் மாறிவிடவில்லை.

படங்கள் தொட்டது முதல் திறனை மட்டும்தான். ஆத்தா விழுந்த அன்று உடைந்திருந்தது மூன்றாவது திறன். பிறர் துன்பத்தைக் கண்டால் வயிற்றைப் பிசைகிறது, நெஞ்சு பதறுகிறது என்று நாம் சொல்கிறோம் அல்லவா? அது வெறும் பேச்சு வழக்கு அன்று. உடம்பின் உள்நிலையை உணர்ந்து மனத்துக்குச் சொல்லும் இன்சுலா என்ற பகுதியின் முன்பாகமும், அதோடு இணைந்து இயங்கும் முன் சிங்குலேட் பகுதியும்தான் அந்தப் பதற்றத்தின் இருப்பிடங்கள். அங்கே வான் எகனோமோ நரம்பணுக்கள் என்ற தனி வகை அணுக்கள் உண்டு. உங்கள் அப்பச்சிக்கு வந்திருக்கும் நோய் தொடக்கத்திலேயே குறிவைத்துத் தாக்குவது அவற்றைத்தான். ஆகவே ஆத்தா கதறியது அவர் காதில் விழுந்திருக்கும், வயிறு பிசைந்திருக்காது. மறதியில் தொடங்கும் அல்சைமர் நோயில் இப்பகுதிகள் நெடுநாள் தப்பி நிற்கின்றன. அதனால்தான் மகளின் பெயரையே மறந்துவிட்ட ஒரு தாய், மகள் அழுதால் தானும் சேர்ந்து அழுகிறாள். உங்கள் வீட்டில் நடப்பது இதற்கு நேர் மாறானது: கணக்கும் மொய்யும் நினைவில் நிற்கின்றன, பரிவு நழுவிவிட்டது.

2011-இல் வகுக்கப்பட்ட நோயறி விதிகள், இந்நோயின் நடத்தை வகைக்கு 6 அடையாளங்களைச் சொல்கின்றன. அவற்றில் 3 சேர்ந்து இருந்தாலே நோயை ஐயுற வேண்டும். கட்டுப்பாடு தளர்ந்த பேச்சு, பரிவு குறைதல், இனிப்பின் மீது அடங்காத நாட்டம் ஆகிய மூன்றும் உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. பெரும்பாலும் 45 முதல் 65 வயதுக்குள் தொடங்குவதால், மற்றவர்கள் இதை நடுவயதுத் திமிர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கேதத்தில் அவர் சிரித்ததை யாரேனும் அப்படிச் சொல்லியிருந்தால், தயவுசெய்து அதை மனத்திலிருந்து நீக்கிவிடுங்கள்.

இனிப் பயிற்சியைப் பற்றி. நோய்க்கு நோய் பதில் மாறுகிறது. உடல் அசைவைக் குறைக்கும் மூளை நோயான பார்க்கின்சன் வந்தவர்களிடம் ஸ்பெயினில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வு ஒன்றில், 3 மாதங்கள், வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் 60 நிமிடங்கள் குழுவாகப் பயிற்சி தந்தார்கள். கவனம், நினைவு, மொழி ஆகியவற்றோடு சமூக அறிதலும் அதில் ஒரு பாடமாக இருந்தது. பயிற்சி பெற்றவர்களிடம் பிறர் எண்ணத்தை ஊகிக்கும் திறன் மேம்பட்டது. அன்றாட வேலைகளில் இருந்த தடையும் குறைந்தது. மரபுவழி வரும் மூளை நோயான ஹண்டிங்டனிலும் முகவுணர்வை அறிய கணினி வழிப் பயிற்சி தந்து சிறு ஆய்வுகள் நடந்திருக்கின்றன. படங்களில் மதிப்பெண் கூடியது. வீட்டில் என்ன மாறியது என்பதுதான் தெளிவாகவில்லை. ஃப்ரான்டோடெம்போரல் டிமென்ஷியாவில், பயிற்சியால் பரிவு திரும்பும் என்று சொல்லப் போதிய சான்று இல்லை. பயிற்சிக்கு முதல் தேவை, தன்னிடம் ஒரு குறை இருக்கிறது என்ற உணர்வு. இந்நோய் அந்த உணர்வையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது.

மருந்தைப் பற்றிச் சுருக்கமாக. அல்சைமருக்குத் தரும் டோனெபெசில் போன்றவை இந்நோயில் பயன் தருவதில்லை. சிலருக்குப் பரபரப்பைக் கூட்டுகின்றன. மனச்சோர்வுக்குத் தரும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள் அடக்கமில்லாத நடத்தையையும் இனிப்பு வெறியையும் சிலரிடம் ஓரளவு தணிக்கும். ஆக்சிடோசின் என்ற ஹார்மோனை மூக்கில் தெளித்துப் பரிவைக் கூட்டலாமா என்று ஆய்வு நடக்கிறது. அது இன்னும் சிகிச்சை ஆகவில்லை. எவரேனும் விற்க வந்தால் வாங்க வேண்டாம்.

ஆகவே என் ஆலோசனை: படப் பயிற்சியைத் தேர்வு போல நடத்துவதை நிறுத்துங்கள். முயற்சியைச் சுற்றி இருப்பவர்களின் பேச்சின் மீது திருப்புங்கள். முகத்தால் சொல்வதை வாயால் சொல்லுங்கள். கேதம், கல்யாணம் போன்ற இடங்களை இப்போதைக்குத் தவிர்ப்பது நல்லது.

பதில் 2: பள்ளத்தூர் தமிழாசிரியர்

அம்மா, நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். 9 ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோயுடன் இருக்கிறேன். மேலே உளவியலாளர் என் நோயைக் குறிப்பிட்டதால், உள்ளே இருந்து பார்ப்பவனாகச் சில சொற்கள் எழுதுகிறேன். கை நடுங்குவதால் இதைத் தட்டச்சு செய்ய 2 மாலைகள் ஆயின.

இந்நோயில் கைகால்களைப் போலவே முகத் தசைகளும் அசைவு குறைந்து இறுகிவிடுகின்றன. என் உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தபின், "வாத்தியார் முகம் கொடுத்துப் பேசவில்லை" என்று பெண் வீட்டார் வருந்தியதாகக் கேள்விப்பட்டேன். கொடுப்பதற்கு என்னிடம் முகம் இல்லை என்பதை அவர்களுக்கு எப்படிச் சொல்வது? உள்ளே மகிழ்ச்சி நிறைந்திருந்தது. பேரன் என் மடியில் உட்கார வரும்போது, "ஐயா கோபமா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவான்.

இதைவிட எனக்குத் தாமதமாகத் தெரிந்தது, பிறர் முகத்தை நான் படிப்பதும் குறைந்துவிட்டது என்பது. முக்கியமாகக் கோபம். என் மனைவி ஒரு பகல் முழுவதும் என்னோடு பேசாமல் இருந்திருக்கிறார். எனக்கு அது தெரியவே இல்லை. பிறர் முகத்தைப் பார்க்கும்போது நம் முகமும் நம்மை அறியாமல் சிறிது அதைப் போல் அசைகிறது, அந்த அசைவும் புரிதலுக்குத் துணை செய்கிறது என்று ஆய்வாளர் சிலர் கருதுகிறார்களாம். என் அனுபவத்துக்கு அது பொருந்துகிறது.

பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரின் வழிகாட்டலில் இரண்டைச் செய்தேன். காலையில் கண்ணாடியின் முன் நின்று புருவம், கன்னம், உதடு ஆகியவற்றை அளவுக்கு மீறி அசைத்துப் பழகினேன். குரலையும் வகுப்பறையில் பேசுவது போல உயர்த்தினேன். மாலையில் விளக்கு வைத்தபின், தொலைக்காட்சித் தொடரில் ஒலியை நிறுத்திவிட்டு, திரையில் இருப்பவர் என்ன உணர்கிறார், ஏன் உணர்கிறார் என்று நான் சொல்ல, மனைவி சரி பார்த்தார். 'ஏன்' என்ற கேள்விதான் பயன் தந்தது. 2 மாதங்களில் துக்கத்தையும் அச்சத்தையும் அடையாளம் காண்பது எளிதாயிற்று. கோபம் பெரிதாக மாறவில்லை. ஆனால் ஐயம் வந்தால், "என் மேல் வருத்தமா?" என்று கேட்கும் பழக்கம் வந்தது. 40 ஆண்டு இல்லறத்தில் நான் கேட்டிராத கேள்வி அது. அதைக் கேட்கத் தொடங்கியபின் வீட்டில் மனத்தாங்கல் குறைந்தது.

உங்கள் அப்பச்சிக்கும் எனக்கும் உள்ள வேறுபாட்டை மறைக்க மாட்டேன். எனக்குக் குறை தெரிகிறது, அதனால் கேட்கிறேன். அவருக்கு அது தெரியவில்லை. எனவே அவர் கேட்கும்வரை காத்திராமல், நீங்களே சொல்லிவிட வேண்டியிருக்கும்.

பதில் 3: கோனாபட்டு ஆச்சி

மகளே, என் கணவருக்கு இதே நோய். 7 ஆண்டுகள் பார்த்தேன். அவர் போய் 2 ஆண்டுகள் ஆகின்றன. உன் ஆத்தா வாய் திறக்கவில்லை என்று எழுதியிருக்கிறாயே, அதை 3 முறை படித்தேன். அந்த மௌனம் எனக்குத் தெரியும். நான் செத்தாலும் இவருக்கு ஒன்றும் இல்லை என்ற எண்ணம் உள்ளே இறங்கிவிட்டால், அதை யாரிடமும் சொல்ல முடியாது. அவர் என்னை வெறுக்கவில்லை, வெறுக்கவும் அன்பு செய்யவும் வேண்டிய இடமே கரைந்துகொண்டிருக்கிறது என்று நான் தெளிய 2 ஆண்டுகள் ஆயின. உன் ஆத்தாவுக்கு அவ்வளவு காலம் ஆக வேண்டாம். இந்தப் பதில்களை உட்காரவைத்துப் படித்துக் காட்டு.

நம் வீடுகளில் எதையும் நேராகச் சொல்வதில்லை. கோபம் என்றால் தட்டைக் கொஞ்சம் ஓசைப்பட வைப்போம். வருத்தம் என்றால் இரண்டாங்கட்டில் போய் உட்கார்ந்துகொள்வோம். பெண்கள் ஜாடையிலேயே ஒரு குடும்பத்தை நடத்திவிடுவோம். இந்த நோய் வந்த மனிதரிடம் ஜாடை அத்தனையும் வீண். நான் கற்றுக்கொண்டது, என்ன நடந்தது, எனக்கு என்ன, அவர் என்ன செய்ய வேண்டும் ஆகிய மூன்றையும் சிறிய வாக்கியங்களாகச் சொல்வது. "நான் விழுந்துவிட்டேன். கை வலிக்கிறது. பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிடுங்கள்." இப்படிச் சொன்னால் என் கணவர் போய்க் கூப்பிடுவார். உங்களுக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா என்று கேட்டால் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். 'ஏன் இப்படிச் செய்தீர்கள்' என்ற கேள்வியை நான் அடியோடு விட்டுவிட்டேன். அதற்கு விடை அவரிடம் கிடையாது.

உளவியலாளர் தம்பி சொன்னதில் ஒன்றை மட்டும் நான் ஏற்கவில்லை. எல்லா விசேஷங்களையும் தவிர்த்தால், வீடு சிறையாகிவிடும். அவருக்கு மட்டும் அன்று, உன் ஆத்தாவுக்கும். நான் கேதத்துக்கு மட்டும் அழைத்துப் போகவில்லை. துக்கத்தில் இருப்பவர்களைப் புண்படுத்த நமக்கு உரிமை இல்லை. படைப்புக்கு அழைத்துப் போனேன். முன்னதாகவே பங்காளிகளில் மூத்தவர்கள் 4 பேரை வீட்டில் போய்ப் பார்த்து, நோயின் பெயரைச் சொல்லி, என்னென்ன பேசக்கூடும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அவர்களில் இருவர் அன்று முழுவதும் அவர் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டார்கள். கூட்டம் சேரும் முன்பே போய், கும்பிட்டு, முதல் பந்தியிலேயே சாப்பிடவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் திரும்பிவிடுவோம். முகப்பில் உட்காரவைத்தால் வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் ஏதேனும் பேசிவிடுவார். ஆகவே பட்டாலையில் ஒரு தூண் ஓரமாக இடம் போட்டு, வெற்றிலைகளைத் துடைத்து அடுக்கும் வேலையைக் கொடுத்துவிடுவேன். கைக்கு வேலை இருந்தால் வாய்க்கு வேலை குறைந்தது.

வெளியிடங்களுக்கு ஒரு சிறு அட்டை வைத்திருந்தேன். "இவருக்கு மூளையைப் பாதிக்கும் நோய் உள்ளது. பேச்சும் நடத்தையும் அதனால் மாறியிருக்கின்றன. பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்." அவ்வளவுதான். பேருந்தில், கடையில், யாரேனும் முகம் சுளித்தால், பேசாமல் அதை நீட்டுவேன். ஒருவர்கூட அதைப் படித்த பிறகு சண்டைக்கு வந்ததில்லை.

மாவுருண்டையை ஒளிப்பதில் பயனில்லை. தூக்கையே வீட்டில் வைக்காதே; அன்றைக்கு 2 மட்டும் சிறு கிண்ணத்தில் வை.

பணத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பிறர் மனம் தெரியாதவருக்கு ஏமாற்றுபவர் மனமும் தெரியாது. தொலைபேசியில் இனிமையாகப் பேசிய ஒருவருக்கு என் கணவர் ஒரு பெரும் தொகையை அனுப்பிவிட்டார், அதை வீட்டிலும் சொல்லவில்லை. அப்பச்சி கணக்கில் கெட்டிக்காரர் என்று நம்பி இருந்துவிடாதே. கணக்கு வேறு, ஆளை எடைபோடுவது வேறு. பவர் எழுதி வாங்கினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். எழுதிக்கொடுத்தவர் மனத் தெளிவை இழந்துவிட்டால் அந்த அதிகாரம் நம் சட்டப்படி செல்லாமல் போகும் என்று எங்கள் வழக்கறிஞர் சொன்னார். காலம் கடக்கும் முன் ஒரு வழக்கறிஞரைப் பார்.

உன் ஆத்தாவுக்கு ஒரு துணை தேவை. நள்ளிரவில் மனம் பொறுக்காமல் போனால், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. சென்னையில் ஸ்கார்ஃப் மனநல நிறுவனமும் பெங்களூரில் நிம்ஹான்ஸ் மருத்துவமனையும் டிமென்ஷியா குடும்பங்களுக்கு ஆலோசனை தருகின்றன.

பதில் 4: குன்றக்குடி மருத்துவ உளவியலாளர்

ஆச்சி சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். தவிர்க்கச் சொன்னது அவசரமான ஆலோசனை. முன்கூட்டிச் சொல்லுதல், நேரத்தைச் சுருக்குதல், கைக்கு வேலை, பக்கத்தில் ஓர் ஆள் என்று அவர் செய்தவை எல்லாம் நாங்கள் சூழலை மாற்றியமைத்தல் என்று பாடத்தில் படிப்பவைதான். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: குடும்பத்தினர் பேசும் முறை வீட்டுக்கு வீடு, ஆளுக்கு ஆள் மாறினால் நோயாளி குழம்புவார். ஆத்தா, தம்பி, வேலைக்கு வருபவர் அனைவரும் ஒரே வாக்கியங்களைப் பயன்படுத்துவது நல்லது. மேலும், இந்நோய் சில குடும்பங்களில் மரபுவழி வருவதுண்டு. உறவில் வேறு எவருக்கேனும் இதைப் போன்ற மாற்றமோ, தசைகள் மெலிந்து வலுவிழக்கும் நோயோ இருந்திருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

தேவகோட்டை மகள்

மூவருக்கும் நன்றி. படங்களை எடுத்து வைத்துவிட்டேன். பதில்களை ஆத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். வயிறு பிசைந்திருக்காது என்ற இடம் வந்தபோது, நிறுத்தி மறுபடியும் படிக்கச் சொன்னார்கள். அதன்பின் வெகு நேரம் கழித்துத்தான், விழுந்த நாளைப் பற்றிப் பேசினார்கள். ஓராண்டு சுமந்த பேச்சு அது. அதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஆச்சி சொன்ன மூன்று வாக்கிய முறையை 10 நாட்களாகச் செய்கிறோம். சில வேளைகளில் அப்பச்சி கேட்டுவிட்டு அப்படியே நகர்ந்துவிடுகிறார். நேற்று மாலை ஆத்தா, "எனக்குத் தலை வலிக்கிறது. குளிர்கிறது. அந்தப் போர்வையை எடுத்து வாருங்கள்" என்றார்கள். எடுத்து வந்து மடியில் போட்டுவிட்டு, ஒன்றும் கேட்காமல் தொலைக்காட்சிக்குத் திரும்பிவிட்டார். ஆத்தா அதைப் போர்த்திக்கொண்டு இரவு வரை எடுக்கவில்லை.

பங்காளிகளில் மூத்தவர்கள் இருவரைப் பார்த்துப் பேசிவிட்டோம். இன்னும் இருவரை இந்த வாரம் பார்க்க வேண்டும். வழக்கறிஞரை வெள்ளிக்கிழமை சந்திக்கிறோம். ஆச்சி, அந்த அட்டையின் அளவு எவ்வளவு, சட்டைப் பையில் கொள்ளுமா என்பதை மட்டும் முடிந்தால் எழுதுங்கள்.